வாறவைக்கு ஒரு பங்கு

1

போன சனிக்கிழமை மாலை, தாச்சியில் கோழி பொரிந்துகொண்டிருந்த நேரத்தில் வீட்டு மணி அடித்தது. மகன் குமரன் போய்க் கதவைத் திறந்தான். பக்கத்து வீட்டுக் கிழவர் ஹெங்க், இரவல் வாங்கிய ஏணியோடு நின்றார். இருவரும் வாசலில் நின்றபடியே ஏணியைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு காற்றைப் பற்றி. பிறகு நகரசபை வெட்டப்போகும் மரத்தைப் பற்றி. வறுத்த கச்சான் கடலையும் உள்ளியும் சேர்ந்த வாசம் திறந்த கதவால் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிழவர் மூக்கை உறிஞ்சினார். சிறிது பொறுத்து மறுபடி உறிஞ்சினார்.

"நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்று குமரன் ஒல்லாந்த மொழியில் சொன்னான். கிழவர் மன்னிப்புக் கேட்பது போல் கையை உயர்த்திக் காட்டிவிட்டு உடனே போய்விட்டார். கதவு சாத்தப்பட்டது.

என் மனைவி தவமணி அகப்பையும் கையுமாக அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஆர் தம்பி?"

"ஹெங்க் அம்மா. ஏணி தர வந்தவர்."

"வந்தவரை ஏன் வாசலோட அனுப்பினனீ?"

"சாப்பாட்டு நேரமம்மா."

"அதைத்தான் நானும் கேக்கிறன். சாப்பாட்டு நேரம் வந்த மனுசனை ஏன் அனுப்பினனீ?"

குமரனின் மனைவி மார்லேன் இந்த நாட்டுப் பிள்ளை. எங்கள் பேச்சில் பாதி அவளுக்கு விளங்கும், மீதியை முகத்தில் வாசித்துக்கொள்வாள். "அம்மா, அவர் வீட்டில் கிழங்கு அவிந்திருக்கும்" என்றாள். "நாங்கள் கூப்பிட்டால் அவருக்குத்தான் சங்கடம்."

அவள் சொன்னது சரி. இங்கே ஆறு மணி என்றால் ஊரே மேசையில் இருக்கும். தலைக்கு இத்தனை கிழங்கு, தலைக்கு ஒரு துண்டு இறைச்சி என்று எண்ணி அவிப்பார்கள். சொல்லாமல் போகிறவனுக்குக் கிழங்கு இருக்காது என்பது போகிறவனுக்கும் தெரியும். அதனால் போகமாட்டான். யாருக்கும் மனக்குறை இல்லை. துறைமுகத்தை ஒட்டிய ஒரு பண்டகசாலையில், கொட்டாஞ்சேனைப் பக்கம், மூட்டைகளின் இருப்பைச் சரிபார்த்தே உத்தியோக காலத்தைக் கழித்தவன் நான். எண்ணி அவிக்கிற இந்தச் சனங்களை எனக்கு வந்த நாளிலிருந்தே பிடித்துப்போயிற்று.

தவமணிக்கு எண்ணி அவிக்கத் தெரியாது. வீட்டில் நாங்கள் நாலு பேர். அவள் ஐந்து பேருக்குச் சமைப்பாள். பரிமாறுவதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்துக் கோப்பையில் போட்டுத் தட்டால் மூடித் தள்ளி வைத்துவிடுவாள். வாறவைக்கு, வருகிறவர்களுக்கு, என்பாள். இந்த ஊரில் யாரும் வருவதில்லை. மறுநாள் மத்தியானம் அதை நான் சாப்பிடுகிறேன்.

இந்தக் கச்சான் சோஸ் சாப்பாட்டைப் பற்றி இளையவர்களுக்கு மூன்று முறைப்பாடு உண்டு. அளவு அதிகம் என்பது ஒன்று. கீழே சந்தியில் பெரிய கடை இருக்க, கோழிக்காக என்னைத் துருக்கிக்காரரின் கடைவரை நடக்கவைக்கிறாள் என்பது குமரனுடையது. சோஸ் புளிப்பு என்பது மார்லேனுடையது. இங்கே கச்சான் சோஸ் போத்தலில் கிடைக்கிறது, இனிப்பாக. அவள் அதோடு வளர்ந்தவள்.

"அம்மா, புளி கொஞ்சம் குறைக்கலாமா?" என்று அன்றும் கேட்டாள்.

"ஏலாது பிள்ளை" என்றாள் தவமணி. அவ்வளவுதான் பதில்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாங்கள் வந்த புதிதில் நகரசபைக்குப் பதிவுக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்தபடி, "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டாள். தவமணி வாயைத் திறந்தாள். அவள் ஏதாவது சொல்லுமுன் நான் "நாலு, நாலே பேர்" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

"எத்தனை பேர்" என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஒருமுறை என்ன செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரில் சண்டை இன்னும் முடியவில்லை. காரணம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் வீடு எடுத்தோம். நான், தவமணி, குமரன். நான் சொல்லவரும் சம்பவத்தின்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அந்தக் காலத்தில் சந்தேகப்பட அது போதும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலே குடும்பம். தீயணைப்புப் படையில் இருந்து இளைப்பாறியவர். ஒழுங்கையில் எல்லோரும் துவான் என்பார்கள். பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட, அவரும் மனைவியும் மட்டும். "எங்கட ஆக்கள ஜாவாவுல இருந்து ஒல்லாந்தன்தான் கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்த" என்று ஒருநாள் மதிலில் சாய்ந்தபடி சொன்னார். "வரக்குள்ள கொண்டுவந்தது ரெண்டு சாமான். ஒண்டு தொப்பி. மத்தது இந்தக் கச்சான் சோஸ்." ஒல்லாந்துக்காரன் அதே சோஸைத் தன் ஊருக்கும் கொண்டுபோயிருப்பான், நான் அதை ஒருநாள் அவன் கடையில் போத்தலில் பார்ப்பேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

தவமணி சோஸைக் கற்றது மிஸிஸ் துவானிடம். மதிலுக்கு மேலால்தான் பாடம். கச்சானைக் கருகாமல் வறுத்து, ஆறவிட்டு, உள்ளங்கைகளுக்கு இடையில் உரசித் தோலை ஊதிவிட வேண்டும். செத்தல் மிளகாய், உள்ளி, சின்ன வெங்காயம் சேர்த்து அரைத்து, தேங்காய்ப்பாலில் எண்ணெய் மிதக்கும்வரை காய்ச்சி, கடைசியில் புளியும் சீனியும். அவர்கள் அதைக் குச்சியில் சுட்ட இறைச்சிக்கு ஊற்றுவார்கள். குமரனோ காலி வீதியில் ஒரு சீனக் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்து மரக்கறியும் கோழியும் சேர்த்துப் பிரட்டித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். தவமணி இரண்டையும் ஒன்றாக்கினாள். அது எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஆகிவிட்டது.

மதிலால் பலாச்சுளை போகும், வட்டிலப்பம் வரும். பொங்கல் போகும், றமழானுக்குப் பேரீச்சம்பழம் வரும். ஆனால் இறைச்சி சமைத்த நாளில் நாங்கள் எதுவும் கொடுப்பதில்லை, அவர்களும் கேட்பதில்லை. இரண்டு பக்கமும் மரியாதையாகப் பேசாமல் விட்ட விஷயம் அது. பத்து வருஷத்துக்கு மேலாக அயலில் இருந்தும் அவர்கள் எங்கள் மேசையில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு உண்டதில்லை.

அந்த வீட்டிலும் கோழிக்கடையைப் பற்றிச் சண்டைதான். எங்கள் சந்தியிலேயே ஒரு கடை இருந்தது. தவமணி அதைத் தாண்டி, காலி வீதியையும் கடந்து, சந்தைக்குள் இருக்கும் நானாவின் கடைக்குப் போவாள்.

"அங்க என்ன கோழி, இஞ்ச என்ன கோழி? ரெண்டுக்கும் ரெண்டு கால்தானே?" என்பேன்.

"அங்கத்தையான் நல்லது" என்பாள்.

சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல மழை. "இண்டைக்கெண்டாலும் சந்திக் கடையில வாங்கும்" என்று சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

3

அவள் திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. வந்ததும் சேலை மாற்றிக்கொண்டு அவசரமாக அடுப்பை மூட்டினாள். சாப்பாடு பிந்துகிறது என்று நான் புறுபுறுத்துக்கொண்டு கரட்டை விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தேன். போஞ்சி, லீக்ஸ், முட்டைக்கோவா, கறிமிளகாய் எல்லாம் வேறு வேறு தட்டில். கோழியை மிளகும் சோயாவும் பிரட்டி வைத்திருந்தாள். முப்பத்தாறு துண்டு. மூன்று பேருக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாக வரவேண்டும். வராது. அவள் ஒன்பது ஒன்பதாகப் பிரிப்பாள் என்று எனக்குத் தெரியும்.

தாச்சி புகைத்தது. கோழி போய், கரட்டும் போஞ்சியும் போய், அவள் லீக்ஸைக் கையில் எடுத்தபோது வெளியே வாகனங்கள் நிற்கும் சத்தம். ஒன்றல்ல. பிறகு சப்பாத்துகள்.

"சுற்றிவளைப்பு" என்றான் குமரன். அவன் முகம் உடனே வேறாகிவிட்டது. அடையாள அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தான். வெளியே எடுத்தான். மறுபடி வைத்தான்.

"கையில வைச்சிரு" என்றேன்.

"அடுப்பை நிப்பாட்டட்டோ?" என்று தவமணி கேட்டாள்.

"வேண்டாம். சமையும். எப்பவும் போல இரும்."

அவள் லீக்ஸைப் போட்டாள். கோவாவைப் போட்டாள். கோவா கொஞ்சம் தாச்சியின் விளிம்பில் ஒட்டிக் கருகியது. சோஸை ஊற்றிப் பிரட்டினாள். கதவு தட்டப்பட்டபோது, எப்பவும் போல இருக்கச் சொன்னதாலோ என்னவோ, அவள் எப்பவும் செய்வதைச் செய்து முடித்திருந்தாள். மேசையில் மூன்று தட்டு. தள்ளி, அலுமாரியின் மேல், தட்டால் மூடிய நாலாவது பங்கு.

சார்ஜன்ட் நடுத்தர வயதுக்காரர். முரடர் அல்ல. சப்பாத்தைக் கால்மிதியில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பின்னால் இரண்டு பேர் துப்பாக்கியோடு. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். பொலிஸ் பதிவுத் துண்டை நீட்டினேன். பார்த்தார். மூன்று பெயர். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மூன்று பேர். கட்டில்களின் கீழ் பார்த்தார்கள், குளியலறையைப் பார்த்தார்கள். எல்லாம் சரி. நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அவர் அலுமாரியைப் பார்த்தார். தட்டைத் தூக்கினார். ஆவி வந்தது.

"மேக காட்டத?" என்று கேட்டார். இது யாருக்கு?

நான் பதில் யோசித்துக்கொண்டிருக்க, தவமணி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் உண்மையைச் சொன்னாள். "என அயட்ட." வருகிறவர்களுக்கு.

"கவுத என்னே?" யார் வருகிறார்கள்?

"தன்னே நே." தெரியாது.

இதை வாசிக்கிற உங்களுக்கு இதில் ஒரு பிழையும் தெரியாது. உங்கள் அம்மாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவர் காதால் கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த இளைஞன் இருக்கும் வீட்டில் யாரோ ஒருவருக்குச் சுடச்சுடச் சோறு மூடி வைத்திருக்கிறது. வரப்போகிறவர் யாரென்று சொல்ல மாட்டோம் என்கிறார்கள்.

"வழக்கம் சேர். எங்கட ஆக்களின்ரை வழக்கம்" என்று நான் சொன்னேன். சிங்களத்தில் அது இன்னும் மோசமாகக் கேட்டது.

"நான் பார்த்திருக்கிறேன்" என்றார் சார்ஜன்ட். "ஆளை ஒளித்து வைத்திருந்த வீடுகளில் சாப்பாடு இப்படித்தான் தள்ளி இருந்தது."

குமரனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அப்படிச் சொல்லிக் கொண்டுபோன பிள்ளைகளில் எத்தனை பேர் அன்றே வந்தார்கள் என்பது ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். அவன் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு போனான். ஒரு கால் அவனுடையது, மற்றது என்னுடையது.

தவமணி அழவில்லை. அந்த நாலாவது பங்கை அப்படியே சாப்பாட்டுக் கரியரில் போட்டு என் கையில் தந்தாள். "பிள்ளை பசியோட போனவன். குடுங்கோ."

ஒழுங்கையில் இறங்கினேன். துவான் தன் வாசலில் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றார்.

"மிஸ்டர் நாதன், தனிய போக வேணாம். நானும் வாரன். சிங்களத்துல நான் பேசுறன், நீங்க வாயத் தொறக்க வேணாம்."

4

பிடித்தவர்களைப் பக்கத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மணவறைக்குக் கட்டிய காகிதப்பூ ஒரு மூலையில் இன்னும் தொங்கியது. சுவரோரமாக இளைஞர்கள் குந்தியிருந்தார்கள். எண்ணத் தொடங்கினேன். நாற்பத்தொன்று வரை வந்து எண்ணிக்கை தவறிவிட்டது. குமரன் அவர்களில் இல்லை. அவனை உள்அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த அறையில் இருந்து சிலரை நேரே தெருப்பக்கக் கதவால் வெளியே விட்டார்கள். சிலரைப் பின்பக்கத்தால் ட்ரக்கில் ஏற்றினார்கள். நான் இரண்டு கதவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னால் ஒரு மேசை. அதே சார்ஜன்ட். என் கையில் இருந்த கரியரைப் பார்த்தார்.

"ஆ, அந்தச் சாப்பாடு. ஆள் வந்தானா?"

துவான் ஓரடி முன்னால் வந்தார். தொப்பியைச் சரிசெய்தார்.

"மட்ட, மாத்தயா" என்றார். எனக்குத்தான் ஐயா.

சார்ஜன்ட் அவரை மேலும் கீழும் பார்த்தார். துவான் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். அடுத்த வீடு. தீயணைப்பில் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் வீட்டுச் சாப்பாடு எனக்கு ஒரு பங்கு வரும். அந்த அம்மாவுக்குச் சிங்களம் சரியாக வராது, பயத்தில் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

குமரனுக்கு ஏதாவது குற்றம் எழுதினால், அந்தச் சாப்பாட்டுக்கு உரிமை கேட்ட இந்த மனிதரும் அதே தாளில் ஏறிவிடுவார். அது அவருக்குத் தெரியாததல்ல.

சார்ஜன்ட் சிரித்தார். நல்ல சிரிப்பு அல்ல.

"நான் மலேக்காரர்களோடு ஒரே பொலிஸ் பரக்கில் தங்கி இருந்தவன். தமிழ் வீட்டு இறைச்சியை நீங்கள் தொடமாட்டீர்கள். பொய் சொல்கிறீர்."

"பொய் இல்ல."

சார்ஜன்ட் கரியரை மேசை நடுவுக்கு இழுத்துவைத்தார். "எஹெனங் கண்ட." அப்படியானால் சாப்பிடும்.

சுவரோரப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். துவான் கரியரைத் திறந்தார். மூடியை அருகில் வைத்தார். பிறகு, கை கழுவத் தண்ணீர் கேட்கிறவர் போல என் பக்கம் திரும்பி, சின்னக் குரலில் தமிழில் கேட்டார்.

"எந்தக் கடக் கோழி?"

சந்திக் கடையில் வாங்கு என்று காலையில் சொன்னவன் நான். அவள் பதில் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. சந்தையில் நானா முஸ்லிம் முறைப்படி அறுப்பவர், சந்திக் கடைக்காரர் அப்படி இல்லை. சந்திக் கடை என்றால் இந்த மனிதர் என் பிள்ளைக்காகத் தன் மார்க்கத்துக்கு விலக்கானதை வாயில் வைப்பார், அல்லது எழுந்து போவார். எதைச் செய்தாலும் அது நான் கேட்டதாக ஆகும். தெரியாது என்று சொல்லவும் முடியாது. அன்று அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

அப்போது கொடியில் தொங்கிய சேலை நினைவுக்கு வந்தது. முழங்கால்வரை நனைந்து, ஓரத்தில் சந்தைச் சேறு. சந்திக் கடைக்குப் போய் வந்தால் பாதம்கூட நனையாது. சாப்பாடு பிந்துகிறது என்று நான் புறுபுறுத்ததும் நினைவுக்கு வந்தது.

"சந்தையில. நானா கடை" என்றேன். "சத்தியமா."

துவான் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். திரும்பினார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, சோற்றோடு கோழியைப் பிசைந்து வாயில் வைத்தார்.

ஆறுதலாகச் சாப்பிட்டார். போஞ்சியை மென்றார். கருகிய கோவாவை ஒதுக்கினார். கச்சான் சோஸைச் சோற்றில் தேய்த்து எடுத்தார். ஒன்பது துண்டுக் கோழியில் நாலாவதைத் தின்னும்போது நிறுத்தினார். நாக்கால் மேல் உதட்டைத் தடவினார். முகத்தைச் சுளித்தார்.

"அம்புல் மதி" என்று என்னைப் பார்த்துச் சிங்களத்திலேயே குறைப்பட்டுக்கொண்டார். புளி போதாது. "எத்தனை தரம் சொல்லியாச்சு, உங்கட மிஸிஸுக்கு? இந்தச் சோஸுக்குப் புளி முன்னுக்கு நிக்கவேணும். இது பால்சோறு மாதிரி இருக்கு."

"இண்டைக்கு மழை" என்றேன். அந்த இடத்தில் அது ஏன் வந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

சார்ஜன்ட் எங்கள் இருவரையும் பார்த்தார். இந்த முறை உண்மையாகவே சிரித்தார்.

"பயத்தில் தின்கிறவன் புளி காணாது என்று சொல்லமாட்டான்" என்றார். "அது வீட்டில் தின்கிறவன் கதை. என் மனைவிக்கு நான் சொல்கிற கதை." உள்ளே திரும்பிக் குமரனின் பெயரைச் சொல்லி, அவனை விடச் சொன்னார்.

துவான் சாப்பாட்டை நிறுத்தவில்லை. குமரனைத் தெருப்பக்கக் கதவால் வெளியே விடும்வரை, கடைசித் துண்டுவரை, ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தார்.

தெருவில் எங்களோடு சேர்ந்த குமரன் என் கையில் இருந்த கரியரைத் தூக்கிப் பார்த்தான். பாரம் இல்லை. திறந்தான். வெறும் கரியர். என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"ஒண்டும் கேக்காதை. நட" என்றேன்.

ஒழுங்கைக்குள் வந்தபிறகு, குமரன் முன்னால் நடக்க, துவான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மகனுக்கு இதச் சொல்ல வேணாம். இளவட்டம், ஃப்ரெண்ட்ஸ்மாரிட்டச் சொல்லும். அது சுத்தி வந்து எனக்குத்தான் நிக்கும்." நான் தலையாட்டினேன். அவர் தன் கேற்றைத் திறந்துகொண்டே, "ஆனா புளி மெய்யாத்தான் காணா" என்றார்.

வீட்டுக்குள் போனதும் தவமணியைக் கேட்டேன். "நீர் அவ்வளவு தூரம் போய் வாங்கினது துவான் ஆக்களுக்காகவோ?"

"வேற என்னத்துக்கு மழைக்குள்ள நடக்கிறன் எண்டு நினைச்சீங்கள்?"

"அவை ஒரு நாளும் வரேல்லையே?"

"வந்தால்?" என்றாள். "வந்து இருந்த பிறகு, இது நீங்கள் சாப்பிடாத கோழி எண்டு சொல்லுறதோ?"

5

அடுத்த ஞாயிறு கதவு தட்டப்பட்டபோது எனக்கு உயிர் போய் வந்தது. துவானும் மிஸிஸ் துவானும். யாரும் கூப்பிடவில்லை. தவமணி எலுமிச்சம்பழ அளவில் இரண்டு உருண்டை புளி கரைத்திருந்தாள். துவான் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினார். அதற்குப் பிறகு அந்தச் சோஸில் புளி குறைந்ததே இல்லை.

குமரனை அதே வருஷம் வெளியே அனுப்பிவிட்டோம். தொலைபேசியில் சொல்லக்கூடிய கதை அல்ல இது. யார் கேட்கிறார்கள் என்று தெரியாத காலம். பிறகு நாங்களும் வந்தோம். இங்கே சொல்லத் தடை இல்லை. ஆனால் சொல்லாமலே பழகிவிட்டது. துவானும் மிஸிஸும் இப்போது மகளோடு வேறொரு நாட்டில் சுகமாக இருக்கிறார்கள். இனிச் சொல்லலாம்.

ஹெங்க் கிழவர் ஏணியை வைத்துவிட்டுப் போன அன்று மேசையில் நான் அதைச் சொன்னேன். குமரன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"அப்பா, அண்டைக்கு என்ரை சோத்தை நீங்கள் சாப்பிட்டுட்டீங்கள் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"நானோ?"

"ஓம். பொலிஸைக் கண்ட பயத்தில பசி வந்து சாப்பிட்டுட்டார் எண்டு. அதுதான் கேக்கேல்ல."

தவமணி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. எனக்குக் கோபம். இத்தனை வருஷம் என்னை அப்படி ஓர் ஆளாக நினைத்துக்கொண்டு, அதையும் மன்னித்து, விசா எடுத்துக் கூப்பிட்டும் இருக்கிறான்.

மார்லேனுக்கு அவன் முழுவதையும் அவளுடைய மொழியில் சொன்னான். அவள் சோஸைத் தொட்டு நாக்கில் வைத்து யோசித்தாள். குமரன் எழுந்தான். தள்ளி வைத்திருந்த ஐந்தாவது பங்கை எடுத்தான். வீட்டுச் செருப்போடு வெளியே இறங்கினான். யன்னலால் பார்த்தோம். கிழவர் கழுத்தில் துவாயோடு கதவைத் திறந்தார். வேண்டாம் என்று கை ஆட்டினார். குமரன் ஏதோ சொன்னான். கிழவர் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார்.

மறுநாள் காலை கோப்பை திரும்பி வந்தது, கழுவித் துடைத்து, உள்ளே இரண்டு ஆப்பிளோடு. மார்லேன்தான் கதவைத் திறந்தாள். கிழவர் வாசலில் நின்று நன்றி சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி இன்னும் எதையோ சொன்னார். மார்லேன் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நல்லா இருந்ததாம் அம்மா. ஆனால் கொஞ்சம் புளிப்பாம்."

தவமணி கோப்பையை வாங்கி அலுமாரியில் அதன் இடத்தில் வைத்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"குறை சொல்லுறாரோ? அப்ப இனி வருவார்" என்றாள். "இஞ்சாருங்கோ, சனிக்கிழமைக்குத் துருக்கிக்காரன்ரை கடைக்கு வெள்ளெனப் போங்கோ."

கோழி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.